17 வருடம் டை அடித்த பிறகு நரையை வளரவிடுவது எப்படி?

கேள்வி இது: “வயது 49. 32 வயதில் தொடங்கி மூன்று வாரத்துக்கு ஒருமுறை கறுப்பு டை அடிக்கிறேன். முடி தோள் வரை இருக்கிறது. சில மாதங்களாக, டை அடித்த மறுநாள் காதோரமும் நெற்றி ஓரமும் அரிக்கிறது. நிறுத்திவிட ஆசை. ஆனால் பாதி வெள்ளை, பாதி கறுப்போடு எப்படி வெளியே போவது? எவ்வளவு நாள் ஆகும்? அடித்த டையை எடுத்துவிட முடியுமா? முடி கொட்டுமா? ரொம்ப வயதாகத் தெரியுமா? பேசாமல் மருதாணிக்கு மாறிவிடலாமா?”

மற்ற கேள்விகள் காத்திருக்கும். அரிப்பு காத்திருக்காது, அதனால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

பெரும்பாலான கறுப்பு டைகளில் நிறத்தைத் தருவது பாராஃபினைலீன்டையமின் என்ற வேதிப்பொருள். தொழிலில் இருப்பவர்கள் பி.பி.டி. என்போம். தோல் ஒவ்வாமைக்குப் பேர்போனது. 17 வருடம் ஒன்றும் செய்யாதது இப்போது ஏன் செய்கிறது என்று உங்களுக்குத் தோன்றும். ஒவ்வாமை அப்படித்தான் வரும். உடம்பின் எதிர்ப்பு சக்தி ஒரு பொருளைத் திரும்பத் திரும்பச் சந்தித்து, ஏதோ ஒரு கட்டத்தில் அதைப் பகையாக எடுத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு மறப்பதே இல்லை. அடுத்தடுத்த முறை இன்னும் கடுமையாக வரலாம். இன்று காதோரம் அரிப்பாக இருப்பது, இன்னொரு நாள் இமை வீங்கிக் கண்ணைத் திறக்க முடியாத நிலையாகலாம். போட்டவுடன் வராமல் ஒன்றிரண்டு நாள் கழித்துத் தலைகாட்டுவது இந்த ஒவ்வாமையின் குணம். உங்கள் கேள்வியில் ‘மறுநாள்’ என்ற அந்த ஒரு சொல்தான் என்னை உட்கார்ந்து இவ்வளவு எழுத வைக்கிறது. “இன்னும் ஒரு தடவை அடித்துப் பார்ப்போம்” என்று மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

எனக்கு இது சொந்த அனுபவம். 23 வருடமாகத் தலைமுடி வேலையில் இருக்கிறேன். பத்தாவது வருடத்தில் என் வலது கை விரல்கள் வெடித்துத் தோல் உரியத் தொடங்கியது. கையுறை போடாமல் வாடிக்கையாளர்களின் தலையிலிருந்து டையைக் கழுவிவிட்ட பழக்கத்தின் விளைவு. தோல் மருத்துவரிடம் போனேன். சந்தேகப்படும் பொருள்களை முதுகில் ஒட்டி வைத்துப் பார்க்கும் ஒட்டுப் பரிசோதனை செய்தார்கள், பி.பி.டி. வைத்த இடம் சிவந்து கொப்பளித்தது. அன்றோடு என் தலைக்கும் டை நின்றது. ஆகவே நான் நரையை விரும்பித் தேர்ந்தெடுத்தவள் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். நிறுத்த வேண்டி வந்தது, பிறகுதான் விரும்பினேன்.

“அம்மோனியா இல்லாதது வாங்கிக்கொள்கிறேனே” என்று பலர் கேட்பார்கள். அம்மோனியாவின் வேலை முடியின் மேலோட்டைத் திறப்பது. அதை எடுத்துவிட்டு, நெடி குறைந்த வேறொரு காரப் பொருளை வைத்திருப்பார்கள். நிறம் தரும் பி.பி.டி.யோ அதன் உறவுக்காரப் பொருளோ அப்படியேதான் இருக்கும். மூக்குக்கு இதம், தோலுக்கு அதே தொல்லை.

இனி, அடித்த டையை எடுத்துவிட முடியுமா என்ற கேள்வி. டை என்றதும் சுவருக்கு அடிக்கும் வண்ணம் போல முடியின் மேல் பூசப்பட்டது என்று நினைக்கிறோம். நிரந்தர டை அப்படி இல்லை. கலக்கிப் பூசும்போது அதிலிருக்கும் துகள்கள் நிறமே இல்லாத, மிகச் சிறிய துகள்கள். அம்மோனியா திறந்துவிட்ட வழியாக அவை முடிக்குள் நுழைகின்றன. கூடவே வரும் ஹைட்ரஜன் பெராக்சைடு இரண்டு வேலை செய்கிறது: முடியின் இயற்கை நிறத்தை வெளுக்கிறது, அந்தச் சிறு துகள்களை ஒன்றோடொன்று இணைத்துப் பெரிய கறுப்புத் துகள்களாக ஆக்குகிறது. பெரிதான பிறகு அவற்றால் வந்த வழியே வெளியேற முடியாது. பி.பி.டி.க்குச் சாயமேற்றும் குணம் உண்டு என்பதை 1863-இல் ஹாஃப்மன் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் கண்டார். 1907-இல் பாரிசில் யூஜீன் ஷுவெல்லர் என்ற இளம் வேதியியலாளர் முடிச் சாயத்தைத் தயாரித்து விற்கத் தொடங்கினார், அவருடைய நிறுவனம்தான் பின்னாளில் லோரியால். நூறு வருடத்துக்கு மேலாகியும் பெட்டிக்குள் நடக்கும் வேதியியலின் அடிப்படை பெரிதாக மாறவில்லை.

இரண்டு வாரத்தில் உங்கள் முடி லேசாகச் செம்பட்டை தட்டுவதைக் கவனித்திருப்பீர்கள். அதற்கும் காரணம் இதுதான். நரைக்காத கறுப்பு முடிகளையும் பெராக்சைடு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துவிட்டது. மேலே ஏறிய சாயம் மங்கும்போது அந்த வெளுப்பு தெரிகிறது. டையை முழுவதும் நீக்கினாலும் அடியில் உங்கள் பழைய முடி காத்துக்கொண்டிருக்காது. வெளிறிய, களைத்துப்போன செம்பட்டைதான் இருக்கும். நிறம் நீக்கும் கலவைகள் இருக்கின்றன, ஓரளவு இறங்கும். ஆனால் 17 வருடம் அடுக்கடுக்காக ஏறிய கறுப்பு அவ்வளவு சுலபமாக இறங்காது. புதிதாக வளர்ந்து வருவது ஒன்றே உங்கள் சொந்த முடி.

வளர எவ்வளவு நாள்? தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 முதல் 1.25 சென்டிமீட்டர் வளரும். தோள் வரை முடி என்றால் சுமார் 30 சென்டிமீட்டர், அதாவது முனை வரை நரை இறங்க இரண்டு முதல் இரண்டரை வருடம். 20 சென்டிமீட்டருக்கு வெட்டிக்கொண்டால் ஒன்றரை வருடத்துக்கு அக்கம்பக்கம். 5 சென்டிமீட்டருக்குக் கத்தரித்துக்கொள்ளும் துணிவு இருந்தால் நான்கைந்து மாதத்தில் முடிந்துவிடும். முடி வளர்ச்சியை இரட்டிப்பாக்குவதாகச் சொல்லும் எதையும் வாங்காதீர்கள், அந்த வேகத்தைக் கூட்ட வழியில்லை.

நான் இத்தனை வருடத்தில் பார்த்த ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். நிறுத்துவதாகச் சொல்லிவிட்டுப் பாதியில் டைக்குத் திரும்பியவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் மூன்றாவது மாதத்துக்கும் ஆறாவது மாதத்துக்கும் நடுவில்தான் திரும்பினார்கள். “எனக்கு நரை பொருந்தவில்லை” என்பார்கள். அப்போது அவர்கள் தலையில் இருந்தது நான்கு சென்டிமீட்டர் வெள்ளையும், அதற்குக் கீழே மைக்கறுப்பும், நடுவே கத்தியால் கீறியது போன்ற ஒரு கோடும். அந்தக் கோடு யாருக்கும் பொருந்தாது. நரை எப்படி இருக்கும் என்பதை அவர்கள் பார்க்கவே இல்லை. கோட்டைப் பார்த்து நரைக்குத் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். ஆகவே உங்கள் திட்டமெல்லாம் அந்தக் கோட்டை எப்படிக் கடப்பது என்பதைப் பற்றித்தான் இருக்க வேண்டும்.

கோட்டை மழுங்கச் செய்யப் பார்லர்களில் ஒரு வழி சொல்வார்கள். டை ஏறிய பகுதியில் மெல்லிய இழைகளாகப் பிரித்து ப்ளீச் செய்து, வெளிர் நிறத்துக்குக் கொண்டுவந்து, மேலிருந்து இறங்கும் வெள்ளையோடு கலந்துவிடுவது. கைதேர்ந்தவர் செய்தால் மிக அழகாக இருக்கும், நானே பலருக்குச் செய்திருக்கிறேன். ஆனால் உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். முதல் காரணம், இத்தனை வருடக் கறுப்பு ஒரே அமர்வில் வெள்ளியாகாது. முதலில் செங்கல் நிறம், பிறகு ஆரஞ்சு, பிறகு மஞ்சள் என்று பல அமர்வுகள் போகும், ஒவ்வொன்றிலும் முடி நொறுங்கும். இரண்டாவது காரணம் முக்கியமானது: மஞ்சளை அடக்கக் கடைசியில் டோனர் என்று ஒன்று போடுவார்கள். பல டோனர்களில் இருப்பது அதே பி.பி.டி. குடும்பத்துப் பொருள்தான். உங்களுக்கு என்ன ஒத்துக்கொள்ளவில்லை என்று பரிசோதித்துத் தெரிந்துகொள்ளும் வரை யாரையும் உங்கள் தலையில் டோனர் போட விடாதீர்கள். வெள்ளையில் கறுப்பு இழைகள் சேர்க்கும் லோலைட்ஸுக்கும் இதே எச்சரிக்கை.

ஆக, உங்கள் வழி வெட்டுவதும் காத்திருப்பதும்தான். முதல் மூன்று மாதம் ஒன்றும் வெட்ட வேண்டாம். நரை எங்கே எவ்வளவு இருக்கிறது என்று முதலில் தெரியட்டும். பிறகு தாடையளவுக்கு, அடுக்கடுக்காக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரே நீளத்தில் வெட்டினால் கோடு நேராகத் தெரியும், அடுக்குகளில் அது உடைந்து சிதறிவிடும். அதற்குப் பிறகு ஏழெட்டு வாரத்துக்கு ஒருமுறை முனையில் இரண்டு சென்டிமீட்டர் எடுத்துக்கொண்டே வந்தால், மேலிருந்து நரை இறங்கக் கீழிருந்து கறுப்பு ஏற, டையை நிறுத்தியதிலிருந்து ஒன்றரை வருடத்தை ஒட்டி இரண்டும் சந்தித்துவிடும். எனக்கு அப்போது இடுப்பு வரை முடி, வெட்ட மனமே வரவில்லை. 14 மாதம் கொண்டையிலேயே ஓட்டினேன். பிறகு ஒரு நாள் மதியம், கூட வேலை பார்த்த பெண்ணிடம் கத்தரியைக் கொடுத்துத் தோளுக்கு மேலே வெட்டச் சொன்னேன். அதையே ஆறு மாதம் முன்னால் செய்திருக்கலாம்.

வகிட்டை நேர்கோடாக எடுக்காமல் வளைத்து வளைத்து எடுங்கள். பக்கத்தையும் அடிக்கடி மாற்றுங்கள். வெள்ளை வேர் நேர் வகிட்டில்தான் அகலமாகத் தெரியும். தவிர்க்க முடியாத நாளுக்கு, வேரில் தடவும் பவுடரோ ஸ்பிரேயோ இருக்கிறது. ஒருமுறை ஷாம்பு போட்டால் போய்விடும், முடிக்குள் நுழையாது. வாங்கும்போது ‘தற்காலிகம்’ என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், பி.பி.டி. இருக்கிறதா என்று உட்பொருள் பட்டியலையும் படியுங்கள். மாதம் ஒருமுறை அதே ஜன்னல் வெளிச்சத்தில், அதே கோணத்தில் வகிட்டைப் படம் எடுத்து வையுங்கள். கண்ணாடியில் தினமும் பார்க்கிறவருக்கு ஒன்றும் நகராதது போலவே இருக்கும். நான்காவது படத்தையும் எட்டாவது படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் வந்த தூரம் தெரியும்.

இன்னொன்று. 32 வயதுக்குப் பிறகு உங்கள் நரையை நீங்கள் முழுதாகப் பார்த்ததில்லை. மனதில் இருப்பது ஒரு வெறும் வெள்ளைத் தலை. உண்மையில் பெரும்பாலானவர்களுக்கு நரை நெற்றி ஓரத்திலும் கன்னப்பொறியிலும் தொடங்கி, உச்சிக்குப் போய், பின்னந்தலைக்குக் கடைசியாக வருகிறது. 49 வயதில் பின்னால் நிறையக் கறுப்பு மிச்சம் இருக்க வாய்ப்பு உண்டு. சாம்பல் நிற முடி என்று நாம் சொல்வது பெரும்பாலும் ஒரு கலவைதான். நிறமி இல்லாத வெள்ளை முடியும், நிறமி உள்ள கறுப்பு முடியும், நிறமி குறைந்த சிலவும் கலந்து நிற்பதைக் கண் சாம்பலாகப் பார்க்கிறது. அந்தக் கலவை ஒவ்வொருவருக்கும் வேறு. சிலருக்கு நெற்றியில் ஒரே வெள்ளிக் கீற்று, சிலருக்குத் தலை முழுக்கத் தூவியது போல. ஒரு வாடிக்கையாளர் 20 வருட டையை நிறுத்தியபோது இரண்டு காதுக்கு மேலும் இறக்கை விரித்தது போல வெள்ளை வந்தது. அதை நான் எத்தனை ஹைலைட்ஸ் போட்டாலும் அப்படிச் செய்திருக்க முடியாது.

நரை ஏன் வருகிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்கிறேன், இல்லையென்றால் யாராவது உங்களுக்கு எண்ணெய் விற்றுவிடுவார்கள். முடிக்கு நிறம் கொடுப்பது மெலனின். அதைத் தயாரிக்கும் செல்கள் ஒவ்வொரு முடி உதிர்ந்து முளைக்கும்போதும், வேர்ப்பையில் சேமிப்பாக இருக்கும் மூலச் செல்களிலிருந்து புதிதாக வர வேண்டும். அந்தச் சேமிப்பு தீர்ந்தாலோ செயலிழந்தாலோ அடுத்த முடி வெள்ளையாகவே முளைக்கிறது. வெளியே வந்துவிட்ட முடிக்கு உயிர் இல்லை, அதன் மேல் எதைத் தடவினாலும் மெலனின் ஊறாது. 2021-இல் வந்த ஓர் ஆய்வில், 14 பேரின் முடிகளை இழை இழையாகப் பார்த்தபோது, மன அழுத்தம் குறைந்த காலத்தில் சில முடிகள் மறுபடி நிறம் பெற்றிருந்தது தெரிந்தது. சுவையான செய்தி, ஆனால் அது விரல்விட்டு எண்ணக்கூடிய சில முடிகளின் கதை, 49 வயதுத் தலை முழுவதும் கறுப்பாகும் என்பதல்ல. 25 வயதுக்கு முன்பே வேகமாக நரைப்பவர்கள் மட்டும் வைட்டமின் பி12, தைராய்டு இரண்டையும் பார்த்துக்கொள்வது நல்லது.

முடி கொட்டுமா? டையை நிறுத்துவதால் கொட்டாது. ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது எல்லோருக்கும் உள்ளதுதான். டை அடிப்பவர்களுக்கு நடுவில் உடைவதும் சேர்ந்துகொள்ளும், அது நிறுத்திய பிறகு படிப்படியாகக் குறையும். உங்கள் வயதில் மாதவிடாய் நிற்பதை ஒட்டி முடி மெலிவது வேறு கணக்கு. இரண்டும் ஒரே நேரத்தில் வருவதால் பழி டையை நிறுத்தியதன் மேல் விழும். முடி மெலிந்தவர்களுக்கு நரையில் ஒரு லாபமும் இருக்கிறது: மைக்கறுப்பு முடிக்கு நடுவே மண்டைத் தோல் பளிச்சென்று தெரியும், நரைத்த முடிக்கு நடுவே அந்த வேறுபாடு குறைவு.

வயதாகத் தெரியுமா? பொய் சொல்ல மாட்டேன், முதலில் தெரியும். உங்களைக் கறுப்பு முடியோடு பார்த்துப் பழகியவர்கள் கண்ணுக்கு முதல் சில மாதம் கட்டாயம் தெரியும். “உடம்பு சரியில்லையா?” என்று கேட்பார்கள். “டை அடிப்பதை நிறுத்திவிட்டேன்” என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுங்கள். காரணம் சொல்லத் தொடங்கினால் விவாதமாகிவிடும். கோடு இறங்கிக் கறுப்பு வெட்டுப்பட்டதும் நிலைமை வேறு. வயது ஏற ஏறத் தோலின் நிறமும் புருவத்தின் அடர்த்தியும் மென்மையாகின்றன. அந்த முகத்துக்கு மேலே 20 வயதுக் கறுப்பை வைத்தால் முகத்தில் இருக்கும் ஒவ்வொரு நிழலும் கூடுதலாகத் தெரியும். நரை அந்தக் கடுமையைத் தணிக்கிறது. புருவத்தைக் கொஞ்சம் திருத்தமாக வைத்துக்கொள்ளுங்கள், நிறம் செத்த வெளிர் மஞ்சள், வெளிர் பழுப்புத் துணிகளை விட்டு அழுத்தமான நீலம், சிவப்பு, பச்சைக்கு வாருங்கள். வித்தியாசத்தை நீங்களே பார்ப்பீர்கள்.

வேலையிடத்துப் பயத்தை நான் லேசாகப் பேச மாட்டேன். கனடாவின் புகழ்பெற்ற செய்தி வாசிப்பாளர் லிசா லாஃப்ளாம் 2020 பெருந்தொற்றுக் காலத்தில் டை அடிப்பதை நிறுத்தி நரையோடே திரையில் வந்தார். 2022-இல் அவருடைய ஒப்பந்தம் முடிக்கப்பட்டபோது, நரைதான் காரணமா என்று நாடே கேட்டது. நிறுவனம் அதை மறுத்தது. ஆனால் நரைத்த ஆணைப் பார்த்து அப்படி ஒரு கேள்வி எழுந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள். என் நாற்காலியில் உட்கார்ந்து இதைச் சொல்லி அழுத பெண்கள் இருக்கிறார்கள். அவர்களில் டைக்கே திரும்பியவர்களை ஒருநாளும் குறை சொன்னதில்லை. பிழைப்பு அவர்களுடையது, தலையும் அவர்களுடையது. உங்களுக்கு மட்டும் அரிப்பு இருப்பதால் அந்த வாசல் இப்போதைக்கு மூடியிருக்கிறது.

புற்றுநோய் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் யாராவது சொல்லிப் பயமுறுத்துவார்கள். 2020-இல் வெளியான, 1,17,200 அமெரிக்கச் செவிலியர்களை 36 வருடம் தொடர்ந்த ஆய்வில், நிரந்தர டை போடுவோருக்குப் பெரும்பாலான புற்றுநோய்கள் கூடுதலாக வரவில்லை. சில வகை மார்பகப் புற்றுநோய், சினைப்பைப் புற்றுநோய் போன்ற ஒருசிலவற்றில் மட்டும் சிறிய ஏற்றம் தெரிந்தது. நாள் முழுக்க அதிலேயே கை வைக்கும் எங்கள் தொழிலைத்தான் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு கூடுதல் கவலையோடு பார்க்கிறது. இத்தனை வருடம் அடித்துவிட்டோமே என்று இரவில் விழித்திருக்க வேண்டாம்.

புதிதாக வரும் முடியை எப்படிப் பார்த்துக்கொள்வது? வெள்ளை முடி பலருக்குச் சற்று விறைப்பாக, அடங்காமல் நிற்கும். வயதோடு தலையில் எண்ணெய்ப் பசை சுரப்பது குறைவதால் வறட்சியும் இருக்கும். மிதமான ஷாம்பு, ஒவ்வொரு முறையும் கண்டிஷனர், போதும். மெலனின் இல்லாத முடிக்கு வெயிலிலிருந்து காவல் இல்லை, மஞ்சளடிக்கும். வெயில், புகை, சூடான இஸ்திரிக் கருவி, தண்ணீரில் இருக்கும் உப்புகள், நிறமுள்ள எண்ணெய் எல்லாமே மஞ்சளைக் கூட்டும். வெயிலில் போகும்போது தொப்பியோ துணியோ போடுங்கள். மஞ்சள் தெரிந்தால் ஊதா நிற ஷாம்பு ஒன்று விற்கிறார்கள், ஊதா மஞ்சளை அடக்கும். பத்து நாளைக்கு ஒருமுறை, இரண்டு நிமிடம் வைத்துக் கழுவினால் போதும், தினமும் போட்டால் முடியே ஊதா தட்டும்.

மருதாணிக்கு வருகிறேன். சுத்தமான மருதாணி இலைப்பொடி வெள்ளை முடியில் ஆரஞ்சும் சிவப்பும்தான் கொடுக்கும். கறுப்பு கொடுக்காது. அவுரிப் பொடியை அதன் மேல் தனியாகப் போட்டால்தான் கறுப்புக்குப் பக்கத்தில் வரும். ‘கறுப்பு மருதாணி’, ‘மூலிகை டை’ என்று ஒரே பொடியாக, அரைமணி நேரத்தில் கறுப்பாக்குவதாகச் சொல்லி விற்கும் பலவற்றில் பி.பி.டி. இருக்கிறது, சிலவற்றில் பெட்டி டையைவிட அதிகமாக. உங்களுக்கு அது ஆபத்து. சுத்தமான மருதாணியானாலும் முடிப் புரதத்தோடு பிணைந்துகொள்ளும், எளிதில் போகாது. அப்புறம் அந்த ஆரஞ்சுக்கும் வெள்ளைக்கும் நடுவே இன்னொரு கோடு விழும். நரைக்கு வருவதுதான் எண்ணம் என்றால் இந்தச் சுற்றுவழி வேண்டாம்.

இந்த வாரமே தோல் மருத்துவரைப் பார்த்து ஒட்டுப் பரிசோதனை கேளுங்கள். பி.பி.டி. ஒத்துக்கொள்ளாத சிலருக்குச் சில துணிச் சாயங்களும், மரத்துப்போகத் தடவும் பென்சோகெய்ன் மருந்தும் ஒத்துக்கொள்வதில்லை, அதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளலாம். முகம் வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ நேரம் பார்க்காமல் அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள். மருத்துவரிடம் போகும்போது கடைசியாக அடித்த டையின் அட்டைப் பெட்டியைத் தூக்கி எறியாமல் கையோடு எடுத்துப் போங்கள், உட்பொருள் பட்டியல் அதன் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும்.